மஞ்சள் டேப்

“என்னங்க இது, காலைத் தேய்ச்சுக்கிட்டு? தூக்கி வைங்க! பார்கின்சனுக்கு மருந்து பாதி, உடற்பயிற்சி பாதின்னு பிசியோதெரபிஸ்ட் மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதுல விழலையா?”

ஹால் தரையில் வரிசையாக ஒட்டியிருந்த மஞ்சள் டேப்புகளில் மூன்றாவதை மறுபடியும் மிதித்துவிட்டு, திருதிருவென விழித்தார் கணவர்.

“வர மாட்டேங்குதும்மா.”

“ஏன் வராது? இங்க பாருங்க!” முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒவ்வொரு டேப்பையும் எட்டித் தாண்டிக் காட்டினாள். “ஒண்ணு! ரெண்டு! வாய்விட்டு எண்ணணும். கையை நல்லா வீசணும். புரியுதா?”

“புரியல. இன்னொரு தடவை காட்டேன்.”

“உங்களுக்குப் பாடம் எடுத்தே என் உயிர் போயிடும்!” என்று தலையில் அடித்துக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

நாற்பதாவது அடியில் அவள் நாற்காலியில் சாய்ந்ததும், அவர் பால்கனிக்கு நழுவிப் போய் போன் போட்டார்.

“மேடம், இன்னிக்கு நாப்பது அடி நடந்துட்டா! ‘வியாதி உனக்கு, நீதான் செய்யணும்’னு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறா. நான் தப்பா செஞ்சா மட்டும் திருத்தாம விட மாட்டேங்கிறா. ஆளுக்குத் துளியும் சந்தேகம் வரல!”

ஜெயித்துவிட்ட மிதப்பில் உள்ளே திரும்பினார்.

நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்தபடி அவள் சொன்னாள்:

“நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா தப்பு பண்ணுங்க. மேடம் என்கிட்ட அம்பது கேட்டிருக்காங்க.”