பேய்ப் படத்தின் தமிழ்க் குரல்

மாடியிலிருந்து அந்த அலறல் கேட்டதும் பாவாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டுப் படியேறினாள்.

பீளமேட்டில் அவளுடைய வீட்டு மாடிக்கு ஜெப்ரியும் அவன் மனைவி ஃபெமினாவும் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாடகை தள்ளிப்போனதில்லை, சத்தம் போட்டுப் பேசியதில்லை. கதவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டினாள். உள்ளே எதையோ தரையில் இழுக்கும் ஓசை. திறக்க நேரமாயிற்று.

ஜெப்ரிதான் திறந்தான். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சிரித்தான்.

"பயந்துபோட்டீங்களாக்கா? ஃபெமினா டப்பிங் பேசறா. நார்வே நாட்டுப் பேய்ப் படமுங்க."

அவனுக்குப் பின்னால் ஃபெமினா நின்றிருந்தாள். கழுத்தில் ஹெட்போன். அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள்; துடைக்கவில்லை.

பாவாத்தாள் நகரவில்லை. "எங்க, காட்டுங்க பாப்பம்" என்றாள்.

படுக்கையறைச் சுவர்களில் எதிரொலி வராமலிருக்கப் போர்வைகள் தொங்கின. நடுவில் மைக். ஜெப்ரியே லேப்டாப்பைத் திருப்பி வைத்து ஓடவிட்டான்.

பனி மூடிய காடு. கிறிஸ்துமஸ் இரவில் ஆட்டுக்கொம்பு முளைத்த ஏதோ ஒன்று மலையிறங்கி, வீடு வீடாக மோப்பம் பிடித்து வருகிறது. அந்தப் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்லிவரும் கதையாம். ஜெப்ரி பொறுமையாக விளக்கினான்.

படத்தில் தனியாக இருந்த பெண் கதவோடு முதுகை அண்டக்கொடுத்து அலறினாள். "போ, கிட்ட வராதே!" ஃபெமினாவின் குரலேதான்.

பாவாத்தாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல பிள்ளைகளைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஃபெமினாவின் கையைப் பிடித்தாள். ஃபெமினா முதலில் ஜெப்ரியைப் பார்த்தாள். அதன் பிறகுதான் சிரித்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பாதிப் படியில் பாவாத்தாளின் கால் நின்றுவிட்டது.

படத்துப் பெண் பேயைப் போ என்றாள், வராதே என்றாள். சரிதான், பேய்க்கு என்ன மரியாதை.

ஆனால் சற்றுமுன் அடுப்படியில் நின்றபோது அவள் காதில் விழுந்தது அதுவல்ல.

"வேண்டாங்க... விட்டுருங்க."

பாவாத்தாள் திரும்பிப் படியேறினாள். இந்த முறை அவள் தட்டவில்லை. தெருவுக்கே கேட்கும்படி ஃபெமினாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.