இரண்டாவது சீட்டு

"எந்தச் சீட்டு வருதோ அதான் முடிவு. அப்புறம் யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்றாள் செல்லம்மாள். மரக்காணம் அம்மன் கோயிலில், எரியும் கற்பூரத் தட்டுக்கு முன்னால் மடித்த இரண்டு சீட்டுகள் கிடந்தன.

கன்னியப்பன் போனை மகளிடம் நீட்டினார். "காலேஜ்ல இருந்து வந்துச்சே, என்னம்மா போட்டிருக்குது?"

"ரெண்டு கோர்ஸ்லயும் இடம் இருக்குதாம்பா. அஞ்சு மணிக்குள்ள ஒண்ணைச் சொல்லணும்" என்றாள் இலக்கியா. மணி நாலரை ஆகியிருந்தது.

ஒரு வாரமாக வீட்டில் இதே சண்டை. அம்மாவுக்கு கம்ப்யூட்டர், மகளுக்கு கெமிஸ்ட்ரி.

"உப்பளத்துல நானும் உங்கப்பனும் வேகறது பத்தாதா? நீ லேப்லயும் போய் உப்பக் கிளறணுமா? ஐப்பசி மழையிலயும் சம்பளம் வர்ற வேலை வேணும்டி."

"மருந்து கம்பெனி லேப்பை மழைக்கு மூட மாட்டாங்கம்மா."

கன்னியப்பன் இருவருக்கும் தலையாட்டினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

செல்லம்மாள் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தாள். ஐந்தாவது வரை படித்த பெருமையோடு எழுத்துக் கூட்டினாள். "கெ... மிஸ்... ட்ரி."

இலக்கியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போனது.

"அந்த இன்னொரு சீட்டையும் எடு. பாக்கணும்."

சீட்டு எழுதியவள் இலக்கியா. இரண்டிலும் கெமிஸ்ட்ரி என்றே எழுதியிருந்தாள். பிடிபட்டால் கெமிஸ்ட்ரியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, நேரே உப்பளம்தான். அம்மா சொன்னதைச் செய்கிறவள்.

"எதுக்கும்மா? அதான் வந்துடுச்சே..."

"எடுடி!"

அதற்குள் கன்னியப்பன் குனிந்து சீட்டைப் பிரித்துவிட்டார். மகளின் முகத்தை ஒரு முறை பார்த்தார், சீட்டை ஒரு முறை பார்த்தார்.

"கம்ப்யூட்டர்னுதான் எழுதியிருக்குது. போதுமா?" என்றவர் அதைக் கற்பூரத்தில் போட்டார். சீட்டு கருகிச் சுருண்டது.

செல்லம்மாள் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குங்குமத்தை எடுத்து மகளின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"சரி, கெமிஸ்ட்ரின்னே அனுப்பு."

இலக்கியா போனில் தட்டினாள். உங்கள் இடம் உறுதி என்று பதில் வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

கன்னியப்பன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். செல்லம்மாள் மகளின் காதருகே குனிந்தாள்.

"ஆமா, உங்கப்பனுக்கு எப்போடி படிக்கத் தெரிஞ்சுது?"