சுவேதாவின் ஜேசிபி

சுவேதாவின் ஜேசிபி மறுபடியும் கையைத் தூக்காமல் படுத்துக்கொண்டது.

ஷோபனா மிஸ் மறுபடியும் அவள் பக்கத்தில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அட்டையில் வெட்டிய ஜேசிபி. ஊசி போடும் சிரிஞ்சு இரண்டு, நடுவில் ஒரு டியூப், உள்ளே நீலத் தண்ணீர். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் கை மேலே வர வேண்டும். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் வராது. இதை மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னதைக் கேட்டுச் செய்தவள் நான். கேட்காமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவள் சுவேதா. இப்போது மிஸ் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

ஸ்கூல் விட்டதும் ஆவடி குவார்ட்டர்ஸ் மன்றத்தில், கேரம் போர்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எங்கள் மாலை வகுப்பு நடக்கும். டியூஷன் இல்லை. பாடப் புத்தகத்தை எடுத்தால் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். கையால் செய்து பார்ப்பது, நாலு பேர் முன்னால் பேசப் பழகுவது, இதுதான் இங்கே வேலை. எங்களுக்குச் சாமான் வாங்கித் தரும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். எங்களில் ஒருத்தர் மைக் பிடித்து ஜேசிபியை இயக்கிக் காட்டிப் பேச வேண்டும்.

அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும். மிஸ் எல்லோர் எதிரிலும் என் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பேச வேண்டியதை மனப்பாடமே செய்துவிட்டேன். பல் விளக்கும் பிரஷ்ஷை மைக்காகப் பிடித்து, கண்ணாடி முன்னால் நின்று, உரக்கத்தான் சொல்லிப் பார்த்தேன். யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழுந்திருக்கும்.

என் ஜேசிபி ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. சாக்பீஸ் டப்பாவை அலுங்காமல் தூக்கிக் காட்டியது. "மிஸ்" என்று கூப்பிட்டேன்.

மிஸ் தலையை மட்டும் திருப்பினார். "ம், சரி, கிருஷ்ணப்பிரியா."

அவ்வளவுதான். மற்ற எல்லோரும் கண்ணு, செல்லம், ராஜா. நான் மட்டும் ரேஷன் கார்டில் இருப்பதுபோல முழுப் பெயர்.

நான் எதில் குறைச்சல்? சாமான் பையைச் சுமந்து வருவது நான். மன்றத்துச் சாவி என்னிடம்தான் இருக்கும். எல்லோருக்கும் சுண்டல் கொடுத்து முடித்து, அடியில் தங்கியதைத் தின்பதும் நான். மிஸ்ஸுக்கு இடுப்பு வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் திண்டாடுவார் என்று இங்கே வேறு யாருக்குத் தெரியும்? அந்த மகாராணிக்குத் தெரியுமா?

மிஸ் சுவேதாவின் விரல் மேல் தன் விரலை வைத்து மெதுவாக அமுக்கினார். குமிழி நகர்ந்து நகர்ந்து வெளியே போனது. ஜேசிபி கையைத் தூக்கியது. நாசமாய்ப் போக.

மிஸ் கைதட்டினார். "சனிக்கிழமை சுவேதா பேசட்டும்."

சுவேதா துள்ளிக் குதித்தாள். "அம்மா, நெசமாவா?" என்று கேட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பரத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "டேய், மிஸ்ஸப் போயி அம்மான்னுட்டாடா!"

கூடமே சிரித்தது. ஒன்றிரண்டு பேர் சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார்கள். சுவேதா நாக்கைக் கடித்துக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

மிஸ் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "அதனால என்ன? அம்மான்னே கூப்பிடு, கண்ணு."

நான் என் சிரிஞ்சை ஓங்கி அமுக்கினேன். டியூப் பிய்த்துக்கொண்டது. சுடிதாரெல்லாம் நீலத் தண்ணீர்.

"துடைச்சிடு, கிருஷ்ணப்பிரியா" என்றார் மிஸ்.

துடைத்தேன். வகுப்பு முடிந்தது. வெளியே சுவேதாவின் அம்மா ஸ்கூட்டியோடு வந்து நின்றிருந்தாள். சுவேதா ஓடிப்போய், நடந்ததையெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினாள். ஒருத்திக்கு எத்தனைதான் வேண்டுமாம்?

பாயைச் சுருட்டி வைத்தேன். கூடத்தைப் பூட்டினேன். மிஸ் இடுப்பில் கை வைத்தபடி எனக்காகக் காத்திருந்தார். கேட்டைத் தாண்டியதும் என்னிடமிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். என் நனைந்த துப்பட்டாவைப் பிடித்துப் பிழிந்துவிட்டார்.

"மூஞ்சிய ஏண்டி தூக்கி வச்சினுகீற, பிரியாக்குட்டி? உன்னுதுதான் நல்லா வந்துச்சி. எனக்குத் தெரியாதா? உனக்குக் குடுத்தா, சொந்தப் பொண்ணுக்கே குடுத்துக்கினான்னு நாலு பேரு பேச மாட்டாங்க?"

கேட்டுக்கு உள்ளே மிஸ், வெளியே அம்மா. வகுப்பு ஆரம்பித்த அன்று, வீட்டில் எனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே போட்ட சட்டம். நான் ஒரு தடவைகூட மீறியதில்லை.

அம்மா என் கையைப் பிடித்தாள். "வா, ஊட்டுக்குப் போயி உனக்குப் புடிச்சத செஞ்சி தர்றேன். இன்னா வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம், மிஸ்" என்றேன்.