சட்டைப்பையில் மஞ்சள் துகள்

துவைக்க எடுத்த சட்டையின் பையை உதறியதும் நேசமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளங்கை நிறைய மஞ்சள் துகள். வெயில் பட்டு மினுமினுத்தது.

"இது இன்னாங்க?"

சுந்தரராஜ் வெடுக்கென்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டான். "ஒண்ணுமில்ல. உன் வேலையப் பாரு."

ஒன்றுமில்லை என்று சொல்லும் புருஷனை நம்பலாம். சொல்லும்போது சுவரைப் பார்க்கிற புருஷனை எப்படி நம்புவது?

அவன் கோரமண்டல் தங்கச் சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். மூன்று மாதமாக ஷிப்ட் முடிந்து வந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, கொல்லையிலிருக்கும் தகரக் கொட்டாய்க்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே துருத்தி ஊதுகிற சத்தமும் அரம் தேய்க்கிற சத்தமும் கேட்கும். வெளியே வந்தால் கதவுக்குப் பூட்டு. சாவி அரைஞாண் கயிற்றில்.

ராபர்ட்சன்பேட்டைக்குப் போனால் அடுப்புக்கரியும் வெங்காரமும் வாங்கி வருகிறான். தங்கவயலில் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு, துருத்தி ஊதி, வெங்காரம் போட்டு எதை உருக்குவான்? பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பிடிபட்டால் ஜெயில். வேலை போகும், கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். வயிற்றில் வேறு ஆறு மாதம். நேசமணி முழங்கால் வலிக்க ஜெபம் செய்து பார்த்தாள். பயம்தான் கூடியது.

கிணற்றடிக்குக் குடத்தோடு போனால் மற்றப் பெண்களின் பேச்சு பட்டென்று நின்றுவிடும். அவள் திரும்பி நடந்ததும் மறுபடி குசுகுசு.

பக்கத்து வீட்டு டெய்சி அக்கா ஒருத்திதான் ஆறுதல். "வயித்துப் புள்ளக்காரி, நீ குனியாதடி" என்று தண்ணீர் தூக்கித் தருவாள், மாவாட்டித் தருவாள், வாசலையும் கொல்லையையும் பெருக்கித் தருவாள். உன் வீட்டுக்காரன் உள்ளே என்ன செய்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒருநாள் நேசமணியால் அடக்க முடியவில்லை. "எனக்கு பயமா கீது அக்கா. அவரு உள்ள..."

டெய்சி அவள் வாயைப் பொத்தினாள். "சுந்தரராஜு நல்ல புள்ளடி. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. அவனயும் தொந்தரவு பண்ணாத. வேல செய்யட்டும்."

கூடப் பிறந்தவள்கூட இப்படி இருக்கமாட்டாள் என்று நேசமணி உருகிப்போனாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சுரங்கத்துக் காவல் ஜமேதார் கோவிந்தன் இரண்டு ஆட்களோடு வந்து நின்றார். யாரோ அவரிடம் வத்தி வைத்துவிட்டார்கள். லைன் முழுக்கக் கொல்லையில் கூடிவிட்டது.

"கொட்டாயத் தொறய்யா."

நேசமணி பாய்ந்து கதவை மறைத்துக்கொண்டாள். "ஐயா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க! உள்ள இருக்கறதெல்லாம் என்னுது. என்னக் கூட்டிக்கினு போங்க!"

"நீ இன்னாடி உளர்ற?" என்று விழித்தான் சுந்தரராஜ். அவளை மெல்ல நகர்த்திவிட்டுப் பூட்டைத் திறந்தான்.

மேஜைமேல் சாக்குப் போட்டு மூடிய என்னவோ இருந்தது. ஜமேதார் தடியால் சாக்கை விலக்கினார்.

ரயில் இன்ஜின்! ஒரு முழ நீளம். செம்பில் பாய்லர், பித்தளையில் சக்கரம், விரல் பருமனுக்குப் புகைபோக்கி.

"இன்னாய்யா இது, பொம்மையா?"

"பொம்ம இல்லீங்க. மாரிகுப்பம் ரயில் மாதிரியே நெருப்பு போட்டா ஓடும். செம்பு ஒட்டறதுக்குதான் வெங்காரம்."

"ஓட்டிக் காட்டு."

கொல்லையில் பலகை போட்டு அதன்மேல் கம்பித் தண்டவாளம் வைத்தான். பாய்லரில் தண்ணீர் ஊற்றினான், பொடிக்கரியைப் பற்றவைத்தான். தண்ணீர் கொதிக்கும்வரை ஒருத்தரும் நகரவில்லை. புஸ்ஸென்று ஆவி சீறியது. சக்கரம் ஒரு தரம் திணறியது, பிறகு சுழன்றது. சக்சக்கென்று இன்ஜின் பலகையின் அந்தக் கோடிவரை ஓடி, குட்டியாய் ஒரு விசில் வேறு அடித்தது. லைனே கைதட்டியது.

"இத ஏன்யா பூட்டிப் பூட்டி வச்ச?"

சுந்தரராஜ் தலையைச் சொறிந்தான். "போன வருஷம் தண்ணி எறைக்க ஒரு மெஷினு செஞ்சங்க. தண்ணிய எறைக்கல, கூரையக் கொளுத்திச்சு. ஊரே சிரிச்சுது. இதுவும் ஓடலன்னா மானம் போயிடுமேன்னு..."

ஜமேதார் லேசில் விடவில்லை. கொட்டாய் வாசலில் சிந்திக் கிடந்த மஞ்சள் துகளை ஒரு பீங்கான் தட்டில் அள்ளி, கொண்டுவந்த திராவகத்தில் சில சொட்டு விட்டார். பச்சையாய் நுரைத்து அத்தனையும் கரைந்துபோனது.

"அசல் பித்தள. தங்கம்னா கரையாது" என்று சிரித்துக்கொண்டே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

நேசமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருஷனை இரண்டு கையாலும் குத்தினாள், அழுதாள், உடனே சிரித்தாள். மூன்று மாதமாக நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. ஓடிப்போய் டெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த லைன்லயே அவரச் சந்தேகப்படாத ஒரே ஆளு நீதான் அக்கா!"

டெய்சி அவள் பக்கம் திரும்பவேயில்லை. பேயறைந்தவள் மாதிரி அந்தப் பீங்கான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா சுந்தரராஜு, எல்லாமே வெறும் பித்தளதானா? மூணு மாசமா உன் கொல்லையப் பெருக்கிப் பெருக்கி ஒரு சட்டி நெறய சேத்து வச்சிக்கினு கீறேனே!"