பாதி கழற்றிய முகம்

வேல்ஸ் மலையடிவாரக் கல்குவாரியில் தூறல் விழுகிறது. தொலைக்காட்சித் தொடரில் வேற்றுக்கிரக வில்லனாக வேடம் கட்டிய எம்ரிஸ், ஒப்பனை வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். தம்பிக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். முகத்தோடு ஒட்டிய பச்சை ரப்பரை ஒப்பனைக்காரி தெலித் எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிரிக்கிறாள். "பிய்ச்சு எடு தாயி." "தோலும் சேந்து வந்துடும்ண்ணே." "வந்தா வரட்டும். இந்த மூஞ்சியோட போனா, அதப் பாத்தே அவன் உசுரு போயிடும்." பாதி முகம் மனிதனாகிவிட்டது, மறுபாதியில் கோரைப்பல் இளிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடிக்கிறது. நகம் நீண்ட ரப்பர் கையால் அதைப் பிடிக்க முடியாது. தெலித் அதை எடுத்து அவன் காதில் வைக்கிறாள். வெளியே யாரோ டீ கேட்டுக் கத்துகிறார்கள். எம்ரிஸ் கேட்டு முடித்துத் தலையைத் தொங்கப்போடுகிறான். "இனி மெதுவாவே எடு தாயி."