சிங்கராயர் கொடுத்த துப்பாக்கி

"டீச்சரம்மா, உங்க தாத்தா அன்னைக்கு உயிரோட ஊடு திரும்புனாருன்னா, அதுக்கு எங்க கொள்ளுத்தாத்தா மாதப்பன்தான் காரணம்" என்றார் சிவராஜ். சொல்லிவிட்டு, மனைவி அருணா பிடித்திருந்த செல்போனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அருணாவின் தம்பி பிரேம்குமார். அவன் உட்கார்ந்திருந்தது ஊத்தங்கரையில், சிவராஜின் மகன் ஹரீஷ்குமாருக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் வீட்டில். அவனுக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் மொத்தமும் கிரிக்கெட் பார்ப்பது போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியால் வந்த வினை. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து உத்தனப்பள்ளி வீட்டில் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் சிவராஜ் பெயருக்கு மாறியது. அதை வைத்து அந்த வீட்டில் ஒரு காக்காயைக்கூட யாரும் சுட்டதில்லை. கதைக்கு மட்டும் குறைவே இல்லை.

கல்யாணமான புதிதில் அருணா கேட்டபோது கதையில் ஒரு யானைதான் இருந்தது. மகன் பிறந்தபோது அது மூன்றானது. ஓசூர் கம்பெனியில் சிவராஜ் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனபோது ஒரு கூட்டமே வந்துவிட்டது.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். பாதிக் கதையில் யானைக் கூட்டம் வந்ததும் பிரேம்குமார், "போன பொங்கலுக்கு நாலு யானைதான மாமா?" என்று கேட்க, வெறும் வாயை மெல்லுகிற சபைக்கு அவல் கிடைத்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும் மரியாதைக்காக இருமினார்.

சிவராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. அண்டப்புளுகன் என்று பெயர் வாங்கிய பிறகு, மாப்பிள்ளைக்கு அப்பா என்று எந்த முகத்தோடு மேடை ஏறுவது? துப்பாக்கியின் முதல் சொந்தக்காரர் குடும்பத்தைக் கண்டுபிடித்து, அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று அங்கேயே சபதம் போட்டார்.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. துப்பாக்கிக் கட்டையில் அடித்திருந்த பித்தளைத் தகட்டில் 'சிங்கராயர், கெலமங்கலம்' என்று இருந்தது. கிறிஸ்தவப் பெயர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடியும் நேரத்துக்கு மாதா கோயில் வாசலில் போய் நின்றார். அந்தப் பக்கம் சிங்கராயர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு சிங்கராயர், துப்பாக்கி வேண்டாம், பழைய கம்ப்ரசர் இருந்தால் சொல்லுங்கள் என்றார். இன்னொருவர் போலீஸ் என்று நினைத்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கடைசியில் விடை கம்பெனி கேன்டீனிலேயே கிடைத்தது. ஆபீசில் வேலை பார்க்கும் ப்ரீதா, அது தன் அம்மாவுடைய தாத்தா பெயர் என்றாள். கதையெல்லாம் ஜெபசீலி பெரியம்மாவுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னாள். ரிட்டயர்டு டீச்சரான அந்த ஜெபசீலியின் கெலமங்கலத்து வீட்டில்தான் இப்போது சிவராஜ் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க தம்பி, முழுசா சொல்லுங்க" என்றார் ஜெபசீலி. காபி வந்தது. முறுக்கும் வந்தது.

சிவராஜ் விலாவாரியாகச் சொன்னார். காட்டுவழி, ஆள் நடமாட்டமில்லாத நேரம், நாலாபக்கமும் யானைகள். சிங்கராயர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள, மாதப்பன் துப்பாக்கியை வாங்கி வானத்தைப் பார்த்து ஒரே வெடி. மொத்தக் கூட்டமும் தளிக் காட்டில் போய்த்தான் நின்றதாம்.

"உங்க தாத்தா அப்பிடியே கட்டிப் புடிச்சுக்கினு, 'இது உன் கையில இருக்கறதுதான் மாதப்பா அழகு'ன்னு குடுத்துட்டாருங்கம்மா."

ஜெபசீலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாதப்பனா அவரு பேரு? இத்தனை வருசமா பேரு தெரியாமயே இருந்துட்டோம். எங்க ஊட்டுல அவரப் பத்திப் பேசாத கிறிஸ்துமஸே கெடையாது தம்பி."

சிவராஜ் போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி அருணாவுக்குச் சைகை காட்டினார்.

"அப்ப யானை வந்தது நெசம்தானுங்களே?"

"நெசம். கூட்டமாத்தான் வந்துச்சு."

"எங்க கொள்ளுத்தாத்தா கூட இருந்தது?"

"அவரு இருந்ததும் நெசம். எங்க தாத்தா தன் கையாலயே துப்பாக்கியக் குடுத்ததும் நெசம். யாரும் புடுங்கல."

போனில் சலசலப்பு எழுந்தது. சம்பந்தி எழுந்து நின்று கும்பிட்டார். பிரேம்குமார் தலையைச் சொறிந்தபடி, "மன்னிச்சுக்கங்க மாமா, வெளையாட்டுக்குப் பேசிட்டேன்" என்றான். அருணாவே புருஷனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். சிவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இத்தனை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்றார்.

"இருங்க, எம் பையனும் உங்களப் பாக்கணும். சின்ன வயசுலருந்து கேட்டுக்கினே இருந்தான்" என்ற ஜெபசீலி, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஜாக்சன், சீக்கிரம் வாடா. நம்ம பெரிய தாத்தாவ யானைக் கூட்டத்துக்கு நடுவுல மரத்து மேலயே உக்கார வெச்சுட்டு, 'துப்பாக்கியக் குடுங்க, ஊருக்குள்ள போயி ஆளுங்களக் கூட்டினு வரேன்'னு வாங்கினு போனாரே ஒருத்தரு, அவங்க ஊட்டுலருந்து இப்பத்தான் ஆளு வந்திருக்குது."