சூடு ஆறும் வரை

"சொல்லுங்க சார், என்ன கம்ப்ளெயின்ட்?" பானெட்டைத் திறந்தபடியே கேட்டாள் மெக்கானிக். அவன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஓடும்போது நல்லாத்தான் ஓடுது மேடம். சூட்டோட நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினாத்தான் அடம் பிடிக்குது. ஆறினதும் சமத்தா கிளம்பிடுது. சாயங்காலம் மாமனார், மாமியாரை ஸ்டேஷன்லேர்ந்து அழைச்சிட்டு வரணும். நடுவழியில நின்னா என் மானமே போயிடும்."

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "டர்போவை ஒட்டி பெட்ரோல் பைப் போகுது. சூடு தாக்காம நடுவுல ஒரு தகடு இருக்கணும், அதைக் காணோம். உள்ளேயே பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிடுது. அப்புறம் எப்படிக் கிளம்பும்?"

"தானா விழுந்திருக்குமோ?"

"விழுந்த தகடு போல்ட்டை மட்டும் பத்திரமா திருப்பி மாட்டிட்டுப் போச்சா? யார் சார் கழட்டினது?"

அவன் டிக்கியிலிருந்து தகட்டை எடுத்து அசடு வழிய நீட்டினான்.

"பின்னே என்ன பண்றது? ஆயில் மாத்த வேற ஒர்க்ஷாப்புக்குப் போயிட்டேன்னு வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே. வண்டி கெட்டாலாவது நீ வாயைத் திறப்பேன்னுதான்..."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனரை அவன் கையில் திணித்தாள்.

"கழட்டின கையாலேயே மாட்டுங்க. எங்க அப்பா அம்மாவைக் கூப்பிட நானும் வரேன்."